விசனத்தோடு வந்தவர்களின் வீடு

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை விழா மலருக்காக எழுத உட்காருகிறவர் முதலில் தேடுவது அடிக்கல் நாட்டிய தேதியை. திருவண்ணாமலை ஸ்ரீரமணாசிரமத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால் அப்படியொரு தேதி அகப்படாது. அங்கே முதலில் இருந்தது ஒரு தாயின் சமாதி. 1922 மே 19ஆம் தேதி இரவு, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அழகம்மாள் கண்மூடினார். அன்று பகலெல்லாம் மகன் அவர் அருகிலேயே இருந்தார். ஒரு கை தாயின் தலைமேல், இன்னொரு கை மார்பின்மேல். மறுநாள் உடலை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, பாலி தீர்த்தத்தின் பக்கம் சமாதி வைத்தார்கள். மேலே ஓர் ஓலைக் கொட்டகை. மகன் தினமும் மலையிலிருந்து இறங்கி வந்து போனார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள் இறங்கி வந்தவர் திரும்பி ஏறவில்லை. ஆசிரமம் பிறந்த கதை இவ்வளவுதான்.

அந்த மகன்தான், 26 ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் ஒரு துண்டுக் காகிதத்தில், தன்னைக் குறித்து ஒருவரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்கவும் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன்; பின்னாளில் அடியார்கள் பகவான் என்று அழைத்த ரமணர். 1896 செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையாரின் சந்நிதிக்கு வந்து சேர்ந்தவர், பிறகு அந்த ஊரின் எல்லையைத் தாண்டவே இல்லை. விசனப்பட வேண்டாம் என்று எழுதியவரைத் தேடி, வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தவர்கள் விசனப்பட்டவர்கள்தாம். இந்த நிறுவனத்தின் வரலாற்றை அவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது என் எண்ணம். கட்டடங்களும் நிர்வாகிகளும் அப்புறம்.

எச்சம்மாளிடமிருந்து தொடங்குகிறேன்.

மண்டகொளத்தூரைச் சேர்ந்த லட்சுமியம்மாள் என்ற எச்சம்மாள், இருபத்தைந்து வயது நிறையும் முன்பே கணவரையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் பிள்ளைகளின் நினைவு. தகப்பனாரிடம் சொல்லிக்கொண்டு கோகர்ணம் வரை போய் அங்குள்ள சாதுக்களுக்குப் பணிவிடை செய்து பார்த்தார். துக்கம் குறையவில்லை. ஊர் திரும்பியபோது யாரோ சொன்னார்கள்: திருவண்ணாமலையில் மலைமேல் ஒரு இளம் சாமி இருக்கிறார், பேசுவதில்லை, ஆனால் போய்ப் பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. 1906 வாக்கில் வந்தார். ஊரிலே உறவினர் இருந்தும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பார்த்தால் அழுகை கிளறும், 'ஐயோ பாவம்' என்ற பேச்சு தொடங்கும். துக்கத்தில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். சில வேளைகளில் உறவின் பரிவே தாங்க முடியாத பாரமாகிவிடுகிறது. ஒரு தோழியை அழைத்துக்கொண்டு நேரே மலையேறி விரூபாட்ச குகைக்குப் போனார். ஒரு மணி நேரம் அங்கே நின்றார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பக்கமும் ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பக் கால் எழவில்லை என்றும், இறங்கும்போது அந்தப் பாரம் இல்லை என்றும் பின்னாளில் அவர் சொன்னதை வரலாற்று நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன.

இதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கு அடுத்து அவர் செய்ததை எல்லாரும் கவனிக்க வேண்டும். மறுநாளிலிருந்து சமைத்துக் கொண்டுபோகத் தொடங்கினார். கைக்கு வந்த சிறு வருமானத்தையெல்லாம் அரிசியும் பருப்புமாக்கினார். அன்று தொடங்கியது, 1945இல் அவர் மறையும் வரை ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஓயவில்லை. மழையானாலும் வெயிலானாலும் மலைப்பாதையில் ஒரு பாத்திரம் ஏறியது. ஊரில் அவர் வீடு வருகிற அடியார்களுக்கெல்லாம் தங்குமிடமாயிற்று. பிள்ளைகளை இழந்தவரின் வீட்டில் மறுபடியும் பந்தி போட்டார்கள்.

துக்கம் அதோடு விட்டுவிடவில்லை. பகவானின் அனுமதியோடு செல்லம்மாள் என்ற பெண்ணை எச்சம்மாள் வளர்த்தார், கல்யாணம் செய்து வைத்தார், ரமணன் என்று பெயரிட்ட பேரனையும் கண்டார். பிறகு அந்தப் பெண்ணும் இறந்துபோனாள். இறுதிச் சடங்கு முடித்துத் திரும்பிய எச்சம்மாள் நேரே மலைக்கு வந்து குழந்தையைப் பகவான் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டவரின் கண்கள் நிறைந்தன. எதையும் சலனமின்றிப் பார்க்கிறவர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்தக் கணத்தில் அவர் தத்துவம் சொல்லவில்லை, உடன் அழுதார். எனக்கு இந்த ஆசிரமத்தின் மேல் உண்டான பற்றுக்கு வேறு எதையும்விட இந்த நிகழ்ச்சிதான் காரணம்.

அந்தக் காலத்தில் மலையில் சமையல் கிடையாது. அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்கு இறங்குவார்கள். கொண்டுவந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து, அங்கே இருக்கிற எல்லாரும் சமமாகப் பகிர்ந்து உண்பார்கள். பிச்சைக்குப் போகும்போது பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் பேரில் பிறந்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை. இன்று ஆசிரமத்தில் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுகிறோமே, அது பசித்த வயிற்றோடு தெருவில் பாடிக்கொண்டு போன பாட்டு. பாட்டுக் கேட்டதும் ஊர்ப் பெண்கள் சோற்றோடு வாசலுக்கு வருவார்கள்.

எச்சம்மாளைப் போலவே முதலியார் பாட்டியும் காரைக்காலிலிருந்து வந்து நாள் தவறாமல் சோறு சுமந்தவர். கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. தன் கண்ணுக்குப் பகவான் தெரியாவிட்டால் என்ன, பகவானின் கண் தன்னைப் பார்க்கிறதே, அது போதும் என்று சொல்வாராம். மலைச்சரிவில் கீரை பறித்துக் குழம்பு வைத்துக் கொடுத்த இன்னொரு கிழவிக்குக் கீரைப்பாட்டி என்றே பேர் நிலைத்துவிட்டது. ஆசிரமம் என்ற பெயர் வருவதற்கு முன்பே, இந்த மூதாட்டிகளின் அடுப்புகளில் அது தொடங்கிவிட்டது.

பிறகு தாயார். 1898இல் திருவண்ணாமலையின் பவழக்குன்றில் மகனைக் கண்டுபிடித்துத் திரும்பி வரும்படி கெஞ்சியபோது, மகன் மௌனமாக இருந்தார். நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் எழுதிக் காட்டினார். தாய் அழுதுகொண்டே ஊர் திரும்பினார். 1892இலேயே கணவர் போயிருந்தார். 1900இல் மூத்த மகன் நாகசாமி போனார். 1914இல் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில் கடுங்காய்ச்சல். மகனைத் தேடி வந்த தாய் இப்போது மகன் கையில் நோயாளி. மகன் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டார். தாயைக் காக்கும்படி அருணாசலத்தை வேண்டி அவர் பாடிய பாட்டுகளும் இருக்கின்றன. யாருக்காகவும் எதையும் வேண்டாதவர் என்று சொல்லப்படுகிறவரின் வாழ்க்கையில் இது தனித்து நிற்கும் இடம். 1916இல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்துவிட்டார். முதலில் தங்கியது எச்சம்மாளிடம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, பிள்ளை துறந்துபோன இன்னொருத்தியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

ஸ்கந்தாசிரமத்தில் முதன்முதலாக அடுப்பு மூட்டியவர் அழகம்மாள்தான். ஆசாரம் மிகுந்தவர். முருங்கைக்காயும் வெங்காயமும் கூடாது என்பார். அந்த வெங்காயம் உங்கள் மோட்சத்தைத் தடுத்துவிடுமா என்று மகன் கேலி செய்வார். அப்பளம் இடத் துணைக்குக் கூப்பிட்டபோது மகன் அப்பளப் பாட்டு எழுதிக் கொடுத்தார். கண்டிப்பும் கேலியுமாக அந்த ஆறு ஆண்டுகளில் அம்மா மாறிக்கொண்டே போனார். தன் பிள்ளை என்ற பிடிமானம் தளர்ந்து, வருகிறவர்களெல்லாம் பிள்ளைகள் ஆனார்கள். இளைய மகன் நாகசுந்தரமும் மனைவியை இழந்த பின் இங்கேயே வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். நாம் 'சின்னசாமி' என்று அறிகிறவர், 'சர்வாதிகாரி' என்ற பொறுப்பில் ஆசிரமத்தைக் கட்டி நிர்வகித்தவர் அவரே. அவருடைய துறவுக்கு முன்னாலும் ஒரு சாவு இருக்கிறது.

அம்மாவின் உடலைத் தகனம் செய்யாமல் சமாதி வைத்தது அன்று பலருக்கு வியப்பு. பெண்ணுக்கு அந்த மரியாதை உண்டா? பகவானுக்கு அதில் ஐயமே இல்லை. ஞானம் அடைந்த பெண்ணின் உடலையும் எரிக்கலாகாது என்று, 1917இல் அடியாரான கணபதி முனிவர் முன்னிலையில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் சொன்ன விடை ரமண கீதையில் பதிவாகியிருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து அந்த விடை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. ஓலைக் கொட்டகை இருந்த இடத்தில் எழுந்த மாத்ருபூதேசுவரர் கற்கோயிலுக்கு 1949 மார்ச் 17 அன்று கும்பாபிஷேகம் நடந்தது.

அடிவாரத்துக்கு வந்த பின் சமையல்கட்டு பெருகிற்று. சாந்தம்மாள், சம்பூரணம்மாள், சுப்புலட்சுமியம்மாள் என்று அங்கே உழைத்த பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். அன்றைய சமூகம் கைம்பெண்ணுக்கு வைத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டு. நல்ல காரியங்களில் முகம் காட்டக்கூடாது. இங்கே அவர்களோடு சேர்ந்து விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே காய் நறுக்க உட்கார்ந்தவர் பகவான். எந்தக் காய்க்கு எவ்வளவு உப்பு, கீரைத்தண்டை வீணாக்காமல் என்ன செய்யலாம், துவையலை எப்படி அரைப்பது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் அதே தவற்றைச் செய்தால் கடிந்துகொண்டார். மனத்தைக் கவனி என்று உபதேசம் செய்வதைவிடப் புளிக்கரைசலைக் கவனி என்று சொன்னது அவர்களுக்கு உடனே பிடிபட்டது. தாங்கள் சமைப்பது யாருக்கோ தேவைப்படுகிறது, தாங்கள் இல்லாவிட்டால் யாரோ கேட்பார்கள் என்ற உணர்வு எத்தனை பெரிய மருந்து! பிற்காலத்தில் கூட்டம் பெருகி அவர் சமையல்கட்டுக்கு வருவது நின்றபோது அந்தப் பெண்கள் பட்ட வருத்தம் அவர்களுடைய நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது.

பந்தியில் அவருக்கென்று எதையும் கூடுதலாக வைக்க முடியாது. பக்கத்து இலைக்கு இல்லாதது தன் இலைக்கு வேண்டாம். ஆனால் எச்சம்மாள் கொண்டுவருகிற ஒரு பிடிச் சோறு மட்டும் விதிவிலக்காக வந்தது, அதையும் பகிர்ந்தே உண்டார். ஒருநாள் பரிமாறுகிறவர்கள் எச்சம்மாளின் உணவை மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் பரிமாறியாயிற்று, பகவான் கை வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். அவர் இடக்கையில் தலையைச் சாய்த்து, வலக்கையை இலைமேல் வைத்தபடி பேசாமல் இருக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் உள்ளிருந்து யாருக்கோ நினைவு வந்து ஓடி வந்து எச்சம்மாளின் உணவைப் பரிமாறினார்கள். அவர் சாப்பிடத் தொடங்கினார். இதைக் கடிதமாக எழுதி வைத்த சூரி நாகம்மாவே இளமையில் பெற்றோரையும் கணவரையும் இழந்தவர், 1941இல் வந்தார். பள்ளிப் படிப்பு என்று பெரிதாக இல்லாத அந்தத் தெலுங்குப் பெண், 1945 முதல் தன் தமையனுக்கு எழுதிய கடிதங்கள் இல்லையென்றால் அந்தக் கடைசி ஐந்தாண்டுகளின் அன்றாடத்தில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது.

நல்லதை மட்டும் எழுதினால் இது வரலாறாகாது. அதே சாப்பாட்டுக் கூடத்தில் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. ஆசாரம் பார்க்கும் பிராமணர்கள் ஒருபுறம், மற்றவர்களும் வெளிநாட்டாரும் சேர்ந்துண்ண விரும்பிய பிராமணர்களும் மறுபுறம். இருபுறத்தாருக்கும் தெரியும்படியான இடத்தில் பகவான் அமர்ந்தார். பெண்கள் பொழுது சாய்ந்தபின் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஆசிரமத்தின் அடுப்பை எரித்தவர்களே இரவில் வெளியே வீடு தேட வேண்டியிருந்தது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தடுப்பு இன்னும் முன்பே போயிருக்க வேண்டும். குறைகளுள்ள ஒரு வீடாகத்தான் அது அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. அந்தக் குறைகளையும் தெரிந்துகொண்டேதான் அவர்கள் அதை விட்டுப் போகாமல் இருந்தார்கள்.

ஒதுங்கி இருந்தும் ஒட்டியிருக்க இங்கே ஓர் இடம் இருந்தது. ஆசிரமத்தின் மேற்கே பலாக்கொத்து. நிர்வாகத்தின் கெடுபிடி ஒத்துவராதவர்கள், தனியே தவம் செய்ய விரும்பியவர்கள் அங்கே குடிசை போட்டுக்கொண்டார்கள். தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்த முருகனார், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து 1920இல் வந்த குஞ்சு சுவாமிகள், ஈராக்கில் பிறந்த யூதரான எஸ். எஸ். கோஹன் எல்லாரும் அங்கே வாழ்ந்தவர்கள். பகல் உணவுக்குப் பின் பகவான் அந்தப் பக்கம் நடந்து வருவார். உறுப்பினர் படிவம், சந்தா, தீட்சை எதுவும் இங்கே கேட்கப்படவில்லை. மதம் மாறச் சொன்னதும் இல்லை. நான் யார் என்று உனக்குள்ளே தேடு என்பது ஒன்றே சொல்லப்பட்டது. அதையும் கேட்டவர்களுக்குத்தான் சொன்னார்.

1935 நவம்பரில் வந்த மேஜர் சாட்விக், ஆசிரமத்துக்குள்ளேயே அறை கட்டிக்கொண்டு 1962இல் மறையும் வரை அங்கேயே இருந்துவிட்டார். ஆர்தர் ஆஸ்பர்னின் குடும்பக் கதை இன்னும் உருக்கமானது. பாங்காக்கில் ஆங்கில ஆசிரியராயிருந்தவர், மனைவி லூசியாவையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். ஜப்பானியப் படை வந்தது. அவர் சிறை முகாமில் அடைபட்டார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத அந்த ஆண்டுகளில் ஆசிரமத்தில் ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளைகள், அப்பா திரும்பி வரவேண்டும் என்று பகவானிடம்தான் போய்ச் சொன்னார்கள். 1945இல் அப்பா வந்தார். அந்தச் சிறுவர்களில் ஒருவரான ஆடம் ஆஸ்பர்ன் பிற்காலத்தில், 1981இல், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை முதன்முதலில் சந்தையில் வெற்றிபெறச் செய்தவர். தகப்பனார் 1964இல் ஆசிரமத்தின் ஆங்கில இதழான மவுண்டன் பாத்தைத் தொடங்கி, 1970இல் மறையும் வரை அதோடு இருந்தார்.

விலங்குகளையும் விட்டுவிட முடியாது. நாய், குரங்கு, அணில் எதையும் பகவான் 'அது' என்று சொன்னதில்லை. அவன், அவள் என்றுதான் சொல்வார். 1926இல் கன்றாக வந்த பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று உயிர்விட்டபோது அவள் தலையைத் தம் மடியில் ஏந்தினார். அவள் சமாதியில் அவர் எழுதிய வெண்பா கல்லில் இருக்கிறது.

1949இல் அவர் இடது கையில் கட்டி எழுந்தது. ஓராண்டில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். வைத்தியம் செய்ய வந்தவர்களையெல்லாம் செய்யவிட்டார், வைத்தியருக்கு மனக்குறை வரக்கூடாது என்பதற்காக. அவரிடம் ஆறுதல் வாங்கியே பழகியவர்கள் இப்போது அவர் நோவைக் கண்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. எங்கே போகப் போகிறேன், இங்கேதானே இருக்கிறேன் என்ற கருத்தில் அவர் அவர்களைத் தேற்றினார். 1950 ஏப்ரல் 14, இரவு 8.47. வெளியே அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பின்னான ஆண்டுகளைப் பற்றி மலர்களில் அதிகம் எழுதுவதில்லை. கூட்டம் கலைந்தது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்கவே வந்தவர்களுக்கு அந்த முகம் இல்லாத இடத்தில் என்ன வேலை? பலர் ஊர் திரும்பினார்கள். கையிருப்பும் சுருங்கிற்று. 1953இல் சின்னசாமியும் மறைந்தார். நிர்வாகம் வந்து சேர்ந்தது அவருடைய மகன் டி. என். வேங்கடராமனிடம். சிறுபிராயத்திலேயே தாயை இழந்து, தகப்பனார் துறவியாகிவிட, அத்தை அலமேலுவின் கையில் வளர்ந்த பிள்ளை அவர். அந்த வறட்சியான காலத்தில் பாராயணம் நிற்காமல், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவரும், குஞ்சு சுவாமிகள், முருகனார், சாட்விக் போன்ற சிலரும்தான். குஞ்சு சுவாமிகள் 1992 வரை இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்கந்தாசிரமக் காலத்திலிருந்து சொல்லத் தெரிந்தவர் ஒருவர் அத்தனை காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இந்த நிறுவனத்துக்குக் கிடைத்த பெரும்பேறு.

இன்று தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது, பெண்களும் தங்குகிறார்கள். இலவச மருத்துவமனை நடக்கிறது. பதினொரு மணியளவில் சாதுக்களும் ஏழைகளும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் உள்ளே பதினொன்றரைக்கு மணி அடிக்கிறது. கூடத்தில் பகவான் அமர்ந்த இடத்தில் அவர் படம். எதிரே வரிசை வரிசையாக இலைகள். ஊர் பேர் கேட்கிறவர் இல்லை. முதல்முறை வந்தவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடையில் தயங்கி நின்றால், பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து, இலையின் மேல் தண்ணீர் தெளித்து வைக்கிறார்.